சங்கக்கடை முத்திரையும் இருபத்திரண்டு கேள்விகளும்

கண்டி மாவட்டத்தின் தெல்தெனியப் பக்கம் அரசாங்கக் கொடுப்பனவு பற்றிப் பேச்செடுத்தால், எவ்வளவு கிடைக்கிறது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "பேர் வந்திச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பட்டியல் என்றால் என்னவென்று இந்த ஊர் நன்றாக அறியும். விக்டோரியா அணைக்காக மகாவலியை மறித்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. 1985இல் அணை திறக்கப்பட்டது, மேட்டில் புதிய நகரம் எழுந்தது. யாருக்குக் காணி, யாருக்கு நட்டஈடு என்பதை அன்றும் ஒரு பட்டியல்தான் சொன்னது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் மிச்சம் இன்றும் தலைகாட்டும்.

இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போவதும் இரண்டு பட்டியல்களைத்தான். ஒன்று, 1995ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சமுர்த்தி. மற்றது, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும. தமிழில் அதற்கு 'ஆறுதல்' என்று பெயர்.

சமுர்த்தியைக் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது. முத்திரைகளை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனால் அரிசி, பருப்பு, சீனி வாங்கலாம். கூப்பன் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. தொகையில் ஒரு பகுதி கட்டாயச் சேமிப்புக்கும், இன்னொரு சிறு பகுதி சமூகப் பாதுகாப்பு நிதியத்துக்கும் கழிக்கப்படும். அந்த நிதியத்திலிருந்து பிள்ளைப்பேறு, கலியாணம், ஆசுபத்திரி, மரணம் என்று நான்கு நேரங்களில் ஏதோ கொஞ்சம் திரும்பி வரும். வீடு தேடி வந்தவர் சமுர்த்தி உத்தியோகத்தர். அவருக்கு வீட்டையும் தெரியும், வீட்டுக்காரரையும் தெரியும், அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதும் தெரியும்.

கோளாறும் அந்தக் கடைசி அறிவில்தான் தொடங்கியது. உத்தியோகத்தர் நியமனத்திலேயே கட்சி இருந்தது என்ற குற்றச்சாட்டு ஆட்சி மாறும்தோறும் பாராளுமன்றத்தில் எழுந்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைச் சொன்னவர்கள், ஆளும் கட்சியானதும் தங்கள் ஆட்களை நியமித்தார்கள். உலக வங்கியின் ஆய்வொன்று, நாட்டின் மிக ஏழ்மையான ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் நூற்றுக்கு நாற்பதளவு சமுர்த்தியின் கைக்கு எட்டவில்லை என்று கணக்கிட்டது. வசதியான சிலருக்கோ அது கிடைத்தது.

அஸ்வெசுமவில் முகத்துக்கு இடமில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகள், அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். பதில்கள் கணினிக்குள் போகும், புள்ளி வெளியே வரும். புள்ளியைப் பொறுத்து நான்கு வகுப்புகள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நிர்ணயித்தார்கள். ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 20 இலட்சம் குடும்பங்களுக்குக் கொடுப்பது திட்டம். முதற்பட்டியல் வெளியான கையோடு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. கணக்கெடுப்பில் சேரமாட்டோம் என்று சமுர்த்தி உத்தியோகத்தர்களின் சங்கங்கள் ஒதுங்கி நின்றதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த முதற்பட்டியல் எவ்வளவு அவசரத்தில் பிறந்தது என்பது விளங்கும்.

படிவத்துக்குக் கண் உண்டு, காது கிடையாது. மின்பட்டியலில் எத்தனை அலகு என்று கேட்கும். இரண்டு மகன்மாரின் குடும்பமும் ஒரே மானியில் மின்சாரம் எடுக்கிறார்களா என்று கேட்காது. மகன் கொழும்புக் கடையொன்றில் நின்று தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றால் அது சொத்து. இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது அம்மாவுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூர்மையாகத் தெரியும் இடம் தேயிலைத் தோட்டம். தெல்தெனியவிலிருந்து ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கம் ஏறினால் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் வரும். செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் பேர் இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது, ஆகவே இவர்கள் ஏழைகள் அல்ல என்பதே சமுர்த்தி காலத்து நடைமுறை நியாயம். அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்று அந்த நியாயம் பார்க்கவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். இன்னொரு காரணமும் உண்டு. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமை, மிஞ்சியிருந்தவர்களுக்கும் சட்டப்படி வந்து சேர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால். சமுர்த்தி பிறந்த ஆண்டில் அடையாள அட்டையே இல்லாதிருந்த ஒருவரை எந்தப் பட்டியலில் எழுதுவது?

அஸ்வெசும அந்தக் கதவைத் திறந்தது. தோட்டத்துக்காரரும் விண்ணப்பிக்கலாம், செக்ரோல் தடையல்ல. இதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. ஆனால் உள்ளே போனதும் இன்னொரு சுவர். லயனின் சுவர் வெள்ளைக்காரன் கட்டிய கருங்கல், கூரை தகரம், மின்விளக்கு எரிகிறது. பக்கத்துக் கிராமத்தின் மண்வீட்டோடு ஒப்பிட்டால் படிவத்தில் லயன் மிடுக்காகத் தெரியும். அந்தப் பத்தடி அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தோட்டத்துரையைக் கேட்க வேண்டியிருந்த காலம் எவ்வளவு நீண்டது என்பதெல்லாம் கல்லைப் பார்த்தால் தெரியாது. செக்ரோலைப் பார்த்து ஒதுக்கியது பழைய முறை. புதிய முறை கல்லைப் பார்த்து ஏமாறக்கூடியது.

இனி சபைக்கு வருவோம். நலன்புரி பற்றி அண்மைக் காலத்தில் பாராளுமன்றம் கண்ட பெரும் சண்டை இந்த இரண்டு சட்டங்களுக்காகவும் நடந்ததல்ல. இடையில் வந்த திவிநெகும சட்டமூலத்துக்காக நடந்தது. சமுர்த்தி அதிகாரசபையையும் தென்னிலங்கை, மலைநாட்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கி, பசில் ராஜபக்ஷவின் பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுவர முயன்றார்கள். மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் தெரிவான சபையே இல்லாத நிலையில் ஆளுநரின் சம்மதம் போதுமா என்று பாராளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராஜா வழக்குத் தொடர்ந்தார். போதாது என்று தீர்ப்பு வந்தது. அதன் பின்னும் 2013 ஜனவரி 8இல் சட்டமூலம் நிறைவேறியது. மூன்று நாள் கழித்து, அதே சபை பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கும் பிரேரணையையும் நிறைவேற்றியது. ஏழைக்கான சட்டமூலம் ஒன்று நீதித்துறையின் தலையைக் கேட்டு முடிந்தது என்று அன்று பேசிக்கொண்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை நேரெதிர். அது நிறைவேறியது, பிறகு தூங்கியது. இருபது ஆண்டுகளாக எந்த அரசாங்கமும் அதைத் தட்டி எழுப்பி ஒரு முழுத் திட்டமாக ஓடவிடவில்லை. எழுப்பியது 2022இன் வங்குரோத்து. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் வசதிக்கு ஒப்புதல் அளித்த சர்வதேச நாணய நிதியம், நலன்புரிச் செலவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கக்கூடாது என்றும், பயனாளிகளைத் தெரிவு செய்யும் முறையைத் திருத்த வேண்டும் என்றும் நின்றது. ஆகவே சமுர்த்தி பாராளுமன்றத்தின் பிள்ளை, அஸ்வெசும கடன்காரரின் அவசரத்தில் கண்விழித்த பிள்ளை. 2023இல் சபையில் எழுந்த குரல்கள் பெரும்பாலும், என் தொகுதியில் இன்னார் விடுபட்டார், இன்னாருக்குத் தகுதியில்லாமல் கிடைத்தது என்ற வகை.

எது மேல் என்று கேட்டால் தயங்காமல் அஸ்வெசும என்பேன். விடுபட்டவர் மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. பக்கத்து வீட்டார் ஆட்சேபனையும் சொல்லலாம். கேட்பதற்கு ஒரு காரணத்தை எழுத வேண்டும், யாருடைய வீட்டு வாசலிலும் நிற்கத் தேவையில்லை. சமுர்த்தியில் நான் இழப்பாகக் கருதுபவை இரண்டுதான்: பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் ஏதோ கொடுத்த அந்தச் சிறு நிதியமும், ஐந்து பேர் கூடி ஒருவருக்கொருவர் பிணை நின்ற குழுக்களும். அவற்றைப் பணப்பரிமாற்றம் ஈடுசெய்யாது.

ஆனால் தொகை விஷயத்தில் இரண்டும் ஒரே வழிதான். 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது அதன் மதிப்பை ரூபாயில் நிறுத்தினார்கள். விலை ஓடியது, முத்திரை நின்ற இடத்தில் நின்றது. சமுர்த்தியிலும் அதே நடந்தது. அஸ்வெசும தொடங்கிய 2023இல் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஓர் ஆளுக்கே மாதம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மிக வறிய குடும்பம் முழுவதற்கும் கொடுத்தது 15,000. 2025 ஜனவரியில் அது 17,500 ஆனது அமைச்சரவைத் தீர்மானத்தால். விலைவாசியோடு தொகையும் ஏறவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அந்தத் தீர்மானத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. யாருடைய கையால் கொடுப்பது, யார் பெயரை எழுதுவது என்று இத்தனை ஆண்டுகள் மோதிய சபை, இந்த ஒரு பிரிவைச் சேர்க்கவில்லை.

1989இல் சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் ஜனசவிய வறுமை ஒழிப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு அறிவித்த தொகை மாதம் 2,500 ரூபாய். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து அஸ்வெசுமவின் கடைசி வகுப்புக்கு நிர்ணயித்ததும் 2,500 ரூபாய்தான்.