பாசறையிலிருந்து எழுதிய மகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) களத்திலிருந்த வீரர்கள் ஓயாமல் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா, பண்ணை வேலை எப்படி நடக்கிறது, தம்பி தங்கைகள் நலமா என்று கேட்டார்கள். அப்படி எழுதியவர்களுள் ஒருவருக்குப் படைப் பதிவேட்டில் லயன்ஸ் வேக்மன் என்று பெயர். ஆனால் வீட்டுக்குப் போன பல கடிதங்களின் அடியில் ‘ரோசெட்டா’ என்றே கையெழுத்து இருக்கும்.

சாரா ரோசெட்டா வேக்மன் 1843இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தைக்குக் கடன் இருந்தது. பிறர் வீடுகளில் வேலை செய்து ரோசெட்டா கொண்டுவந்த கூலி அதற்குப் போதவில்லை. 1862இல் ஆண் உடை அணிந்து வீட்டைவிட்டுப் புறப்பட்டார். கால்வாயில் நிலக்கரி ஏற்றிச்செல்லும் படகில் வேலை கிடைத்தது. வழியில் சந்தித்த வீரர்கள் அழைக்க, ஆகஸ்டு மாதம் 153ஆவது நியூயார்க் காலாட்படையில் சேர்ந்தார். அப்போது வயது 19; 21 என்று சொல்லிக்கொண்டார். சேர்வதற்கான ஊக்கத்தொகை 152 டாலர், மாதச் சம்பளம் 13 டாலர். வீட்டுவேலை செய்யும் பெண் எவளும் அன்று நினைத்துப் பார்க்க முடியாத வருமானம் அது.

பாசறையிலிருந்து எழுதிய தொடக்கக் கடிதமொன்றில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பழைய மனத்தாங்கலை மறந்துவிடுவோம் என்பது ஒன்று. அனுப்பும் பணத்தை எனக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம், குடும்பத்தின் துணிமணிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழியுங்கள் என்பது மற்றொன்று. வீட்டில் இருந்தவரை அவருடைய உழைப்பு மகளின் கடமை என்ற கணக்கிலேயே போனது. இப்போது பணத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று தந்தைக்கே சொல்கிறார். இந்தக் குரல் அவருக்கு வாய்க்க ஒரு சீருடை தேவைப்பட்டது.

அன்றைய படையில் வீரர்களின் கடிதங்களை முறையாகப் பிரித்துப் படிக்கும் தணிக்கை இல்லை. ஆகவே அவரால் சொந்தப் பெயரைக் கடிதத்தில் எழுத முடிந்தது. ஆனாலும் ஒரு கடிதம் வேறு கையில் சிக்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பகல் முழுதும் ஆணாக நடமாடியவர் ரோசெட்டாவாக இருந்தது அந்தத் தாள்களில் மட்டுமே. அதே தாள்களில்தான், இனி பழையபடி வீட்டோடு இருக்கப்போவதில்லை என்றும் எழுதினார். போர் முடிந்ததும் விஸ்கான்சின் சமவெளியில் தமக்கென ஒரு பண்ணை வாங்குவது அவருடைய கனவு. வீட்டின் மீது பாசம் இருந்தது. அங்கே தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம்தான் வேண்டாததாயிற்று.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை அவர் நேரிலேயே கண்டார். வாஷிங்டனில் கேரல் சிறையில் அவர் காவல் நின்றபோது அங்கே பெண் கைதிகள் மூவர் இருந்தனர். அவர்களுள் ஒருத்தி ஆண் வேடத்தில் வடக்குப் படையின் அதிகாரியாகவே போரிட்டவள். இதையும் வீட்டுக்கு எழுதினார். ஆனாலும் படையைவிட்டு விலகவில்லை.

1864இல் அவருடைய படைப்பிரிவு லூசியானாவுக்கு, ரெட் ரிவர் படையெடுப்புக்குச் சென்றது. ஏப்ரல் 9 அன்று பிளெசன்ட் ஹில் சண்டையில் குண்டுகளுக்கு எதிரே நின்றார். ஏப்ரல் 14 அன்று, தாம் உயிரோடு இருப்பதாக வீட்டுக்கு எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள அவருடைய கடைசிக் கடிதம் இதுதான். அடுத்த மாதம் கடும் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூன் 19 அன்று நியூ ஓர்லியன்ஸில் இறந்தார். மருத்துவமனைப் பதிவுகளிலும் சால்மெட் கல்லறையின் கல்லிலும் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரே உள்ளது.

கடிதங்களைக் குடும்பத்தார் எரித்துவிடவில்லை, வெளியே சொல்லவுமில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த அவை 1994இல் நூலாக வந்தன. அந்தப் போரில் ஆண் வேடத்தில் சண்டையிட்ட பெண்கள் சில நூறு பேர் என்று மதிப்பிடுகிறார்கள். காயம்பட்டோ, கருவுற்றோ, பிடிபட்டோ அம்பலமானவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் நமக்குத் தெரியும். ரோசெட்டாவோ கடைசிவரை பிடிபடவே இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பி, நலம் விசாரித்து, தம் பெயரை எழுதி முடித்த கடிதங்கள் இல்லையென்றால், சால்மெட்டில் கிடப்பது ஒரு பெண் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.