கப்பல் யாருடையது? தாகூர் குடும்பமும் ‘லிமிடெட்’ என்னும் சொல்லும்

1880களில் கல்கத்தாவில் நடந்த ஓர் ஏலத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் ரூ.7,000 கொடுத்து ஒரு கப்பலின் வெற்று உடலை வாங்கினார். அதில் எஞ்சினும் இல்லை, அறைகளும் இல்லை. அவற்றைப் பொருத்தி முடிப்பதற்குள் விலைக்கு மேல் விலையாகக் கடன் ஏறியதை அவருடைய தம்பி ரவீந்திரநாத் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கிறார். ‘சரோஜினி’ என்று பெயரிடப்பட்ட அக்கப்பல் 1884இல் நீரில் இறங்கியது. ‘சுதேசி’, ‘பாரத்’ முதலியவை பின்தொடர்ந்தன. குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஆங்கிலேயரின் ஃபுளோட்டில்லா கம்பெனியோடு போட்டி மூண்டது. ஒரு பக்கம் பங்குதாரர்களைக் கொண்ட ஒரு கம்பெனி. மறுபக்கம் தம் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கிய ஒரு தனிமனிதர். இந்தச் சமமின்மை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ‘அந்நிய மூலதனத்தின் வலிமை’ என்ற தொடருக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையில் அதன் பாதி, சட்டத்தின் வடிவத்தில் இருந்தது.

கம்பெனி வடிவத்தை அறியாத குடும்பமன்று அது. ஜோதிரிந்திரநாத்தின் பாட்டனார் துவாரகாநாத், 1834இல் கார், தாகூர் அண்டு கம்பெனியைத் தொடங்கியவர். ஹூக்ளியில் பாய்மரக் கப்பல்களை இழுத்துச் செல்லும் நீராவிப் படகுகளுக்கென அமைந்த கல்கத்தா ஸ்டீம் டக் அசோசியேஷன் அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தில் இயங்கியது. பலர் பணம் போட்டுப் படகுக்கு உரிமையாளராவது அன்று புதுமையன்று. பிரிட்டிஷ் கப்பல் சட்டம் ஒரு கப்பலின் உடைமையை 64 பங்குகளாகப் பிரித்தது. சுதந்திர இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் அதைப் பத்துப் பங்குகளாக்கியது. ஆனால் உடைமையைப் பிரிப்பது வேறு, பொறுப்பை வரையறுப்பது வேறு. துவாரகாநாத்தின் காலத்து இந்தியாவில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. வணிகக் கூட்டாளி ஒருவர் தம் வீடு, நிலம், நகை அனைத்தையும் கொண்டு கடனுக்குப் பதில் சொல்லவேண்டும்.

அந்த ஆபத்தை அவர் நன்றாக உணர்ந்திருந்தார். 1840இல் ஷாஜாத்பூர் உள்ளிட்ட சில ஜமீன்களை அறக்கட்டளை ஆவணத்தின் வழியே மகன்களுக்கென ஒதுக்கிவைத்தார். சட்டம் எழுப்பித்தராத சுவரை அவரே எழுப்பினார் எனலாம். 1846இல் அவர் லண்டனில் இறந்தார். 1848 தொடக்கத்தில் யூனியன் வங்கி வீழ்ந்தது. கார், தாகூர் நிறுவனமும் மூடப்பட்டது. மகன் தேவேந்திரநாத்தின் தன்வரலாறு தரும் கணக்கின்படி கடன் ஒரு கோடி ரூபாய், வரவேண்டியது 70 லட்சம். கடன் கொடுத்தவர்கள் தொடமுடியாத அறக்கட்டளைச் சொத்தையும் சேர்த்து ஒப்படைக்க அவர் முன்வந்தார். தந்தை கட்டிய சுவரை மகன் தாமே இடித்த அந்த நிகழ்ச்சி அறநெறிக் கதையாகவே வங்காளத்தில் சொல்லப்பட்டு வருகிறது. வரையறுத்த பொறுப்பு இல்லாத ஒரு சமூகத்தில் கடன் என்பது குடும்பத்தின் மானத்தோடு பிணைந்திருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

1850ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிகளைப் பதிவு செய்ய வழிசெய்தது, பொறுப்பை வரையறுக்கவில்லை. அதனை 1857ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்தது. அதனுடன் ‘லிமிடெட்’ என்னும் பின்னொட்டும் வந்தது. இன்று அது பெருமைப் பட்டம்போல் பெயர்ப்பலகைகளில் ஒளிர்கிறது. சட்டம் அதைக் கட்டாயமாக்கியதோ எச்சரிக்கையாக: ‘இவர்களுக்குக் கடன் கொடுப்பவரே, இவர்களுடைய வீட்டை நம்பிக் கொடுக்காதீர்.’ ஒரு சொல்லின் பொருள் இப்படித் தலைகீழாவது மொழியியலில் அரிதன்று என்றாலும், இவ்வளவு பணத்தோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு அரிது.

ஆக, ஜோதிரிந்திரநாத் கப்பல் வாங்கியபோது கம்பெனிச் சட்டத்துக்கு வயது 27. வரியை மிச்சப்படுத்த ஒருவர் கம்பெனி அமைக்கும் இன்றைய கணக்கு அன்று செல்லாது. 1886ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி கம்பெனியின் இலாபத்துக்கு ரூபாய்க்கு 5 பை; ஆண்டுக்கு ரூ.2,000க்கு மேல் தொழில் வருமானம் உடைய தனிமனிதருக்கும் அதே 5 பை. ரூபாய்க்கு 192 பை என்பதால் வரி மூன்று விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இரு வடிவங்களையும் பிரித்தது பொறுப்பு ஒன்றே.

போட்டி முற்றியபோது பயணிகளிடம் கட்டணமே வாங்காமல், சிற்றுண்டியும் கொடுத்து ஏற்றிச்சென்றார்கள். இழப்பைப் பல பங்குதாரர்கள் மீது பரப்பக்கூடிய கம்பெனிக்கு இது ஓர் ஆண்டின் மோசமான வரவுசெலவுக் கணக்கு. தனி உரிமையாளருக்கோ ஒவ்வொரு பயணமும் தம் குடும்பச் சொத்திலிருந்து கழிவது. பின்பு ‘சுதேசி’ ஹௌராப் பாலத்தில் மோதி மூழ்கியது. நட்டத்தைத் தாங்க அவரைத் தவிர வேறு யாருமில்லை.

இருபதாண்டு கழித்துத் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை வேறு வழியைத் தேர்ந்தார். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் கம்பெனியாகவே பதிவானது: மூலதனம் ரூ.10 லட்சம், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். ‘காலியா’, ‘லாவோ’ ஆகிய கப்பல்கள் அந்தச் சட்டநபரின் உடைமை, அவருடையவை அல்ல. 1908 மார்ச்சில் அவர் கைதான பின்னும் கம்பெனி நீடித்தது, 1911இல் கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்கள் பங்குத்தொகையை இழந்தனர். அதற்குமேல் அவர்கள் வீட்டுக்கதவைத் தட்டச் சட்டம் எவருக்கும் உரிமை தரவில்லை. 1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் சனதும் இல்லை. அரசத்துரோக வழக்கில் எந்த நிறுவனருக்கும் ‘லிமிடெட்’ பொருந்தாது.