முசிறிக்கு வந்த ஒயின்: ஒரு காமர்ஸ் மாணவனின் கணக்கு



கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் நாகர்கோவில் பக்கம் பல வீடுகளில் கறுப்பு திராட்சை பரணிக்குள் போய்விடும். சீனி, ஈஸ்ட், கொஞ்சம் கிராம்பு, பட்டை. வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். என் சித்தி அதை வடிகட்டும்போது ஒன்று சொல்வார்: "தெளிஞ்சாத்தான் ஒயின், தெளியலைன்னா அது திராட்சைக் கஞ்சி!"

பிறகு சங்க இலக்கியம் வாசித்தபோது அந்த வார்த்தை திரும்ப ஞாபகம் வந்தது. பழந்தமிழில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு: கள், நறவு, மட்டு, தோப்பி... அதில் ஒன்று 'தேறல்'. தேறுதல் என்றால் தெளிதல். வடித்துத் தெளிந்த மதுதான் தேறல். யவனர் கொண்டுவந்த மதுவுக்குப் புறநானூறு 56-ஆம் பாட்டில் நக்கீரர் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொன் கிண்ணத்தில் ஊற்றித் தர, நீ தினமும் மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார்.

இதைத்தான் பள்ளிக்கூடத்திலும் படித்தோம். "யவனர் பொன்னையும் மதுவையும் கொண்டுவந்தனர், மிளகை ஏற்றிச் சென்றனர்." பரீட்சையில் இரண்டு மார்க். ஆனால் காமர்ஸ் படிக்க வந்தபிறகு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பொன் எவ்வளவு, மது எவ்வளவு?

சரக்கு எப்படி வந்தது?

முதலில் பாத்திரம். மண்ணால் செய்த ஆம்போரா என்ற ஜாடி. இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கூர்மையான அடி. பெரும்பாலும் 25 லிட்டர் பக்கம் பிடிக்கும். கூரான அடி இருப்பதால் தரையில் நிற்காது. ஆனால் கப்பலில் ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசையைச் சொருகி அடுக்கலாம். ஒயின் கசியாமல் இருக்க உள்ளே பைன் மரப் பிசின் பூசுவார்கள்.

இத்தாலியிலோ கிரேக்கத் தீவுகளிலோ நிரப்பிய ஜாடி முதலில் அலெக்சாண்டிரியாவுக்கு வரும். அங்கிருந்து நைல் ஆற்றில் படகில் கோப்டோஸ். பிறகு பாலைவனத்தில் ஒட்டகம். கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரனிகேவுக்கு 12 நாள் பயணம் என்று பிளினி எழுதுகிறார். பிறகு தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால், செங்கடல் வாயிலில் இருந்து 40 நாளில் முசிறி.

பெரனிகேவில் தோண்டியபோது கிடைத்த ஒரு பொருள் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடைந்த பானை ஓடுகளில் எழுதிய சுங்க அனுமதிச் சீட்டுகள்! கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்னாருடைய சரக்கு, இத்தனை ஜாடி, விட்டுவிடுங்கள் என்று வாசல் அதிகாரிக்கு எழுதியது. அவற்றில் அதிகம் வருவது ஒயின்தான். இத்தாலிய ஒயினா, சிரியாவின் லவோதிக்கேயா ஒயினா என்பது வரை குறித்திருக்கிறார்கள். நம்ம இ-வே பில்லுக்கு ஈராயிரம் வருட மூத்த அண்ணன்.

கடல் தண்ணீர் கலந்த ஒயின்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. அங்கே கிடைத்த ஆம்போராத் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் ஆராய்ந்தார். அவற்றில் கணிசமானவை கோஸ் தீவு ஒயின் ஜாடிகளும் அவற்றைப் பார்த்து இத்தாலியில் செய்த ஜாடிகளும். இரட்டைக் குழல் மாதிரி இருக்கும் கைப்பிடியை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்.

கோஸ் ஒயினின் விசேஷம், அதில் கடல் தண்ணீர் கலப்பார்கள். கிண்டல் இல்லை, ரோமாபுரியின் கேட்டோ தன் விவசாய நூலில் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். உப்பு இருப்பதால் நீண்ட பயணத்தில் கெடாமல் தாங்கும் என்று கருதுகிறார்கள். பிசின் வாசனை, உப்புச் சுவை, அடியில் வண்டல்... இதுதான் பாண்டியன் அரண்மனைக்கு வந்த வெளிநாட்டுச் சரக்கு!

அதனால்தான் பரிமாறும் முறை முக்கியம். ரோமர்கள் முதலில் வடிகட்டுவார்கள். பிறகு தண்ணீர் கலப்பார்கள். கலக்காமல் குடிப்பவன் நாகரிகம் இல்லாதவன் என்பது கிரேக்கர் எண்ணம். நக்கீரர் 'தேறல்' என்று சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். வண்டல் நீக்கித் தெளிந்த மது, அதுவும் குளிர்ச்சியாக. சித்தி சொன்னதும் அதுதானே.

இனி கணக்குக்கு வருவோம்

கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கையேடு இருக்கிறது. எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், என்ன வாங்கலாம் என்ற பட்டியல். குஜராத்தின் பரிகாசாவில் (இன்றைய பரூச்) ஒயின் விற்கும், அதிலும் இத்தாலிய ஒயினுக்குத்தான் கிராக்கி என்கிறார். முசிறிப் பகுதிக்கு வரும்போது பட்டியலில் முதல் இடம் நாணயத்துக்கு, அதுவும் ஏராளமாக. பிறகு பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம். ஒயினும் உண்டு, ஆனால் "அதிகம் இல்லை" என்ற குறிப்போடு!

அப்படியானால் அரிக்கமேட்டிலும், கேரளத்தில் 2007 முதல் தோண்டிய பட்டணத்திலும் இவ்வளவு ஆம்போரா ஓடுகள் எப்படி?

எனக்குத் தோன்றுவது இதுதான். மிளகு மட்கிவிடும், துணி மட்கிவிடும், தங்கத்தை உருக்கிவிடுவார்கள். மண் ஓடு மட்டும் அழியாது. ஒரு ஜாடி உடைந்தால் ஐம்பது துண்டு ஆகும். அதனால் மண்ணுக்குள் ஒயின் பெரிய வியாபாரமாகத் தெரிகிறது, வணிகன் ஏட்டில் சின்ன வரியாக இருக்கிறது. தவிர எல்லா ஓடும் ஒயினும் இல்லை. ஆலிவ் எண்ணெய், மீன் சாறு வந்த ஜாடிகளும் உண்டு. ரோமானியது என்று நினைத்த சில துண்டுகள் மெசபடோமியாவின் 'டார்பிடோ' ஜாடிகள் என்று ராபர்ட்டா டாம்பர் 2007-இல் காட்டினார்.

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் 1985-இல் வெளியானது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம், 'ஹெர்மபோலன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு மறுபக்கம். தந்தம், கங்கைக்கரை நார்த வாசனைப் பொருள்... அந்தக் கணக்கில் வரும் மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். அரசுக்கு வரி 25 சதவீதம்! இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியது சும்மா இல்லை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன.

ஆக, ரோமுக்கு நம்மிடம் வாங்க நிறைய இருந்தது, விற்கத்தான் பெரிதாக எதுவும் இல்லை. பற்றாக்குறையைத் தங்கத்தால் அடைத்தார்கள். ஒயின், பவளம், கண்ணாடி எல்லாம் அந்தத் தங்கத்தைக் கொஞ்சமாவது மிச்சப்படுத்த ஏற்றிய சரக்கு என்பது என் கருத்து.

யார் குடித்தார்கள் என்பதிலும் விவாதம் உண்டு. இங்கே தங்கிய யவன வணிகர்களும் மாலுமிகளும்தான் என்று ஒரு சாரார். புறநானூறு அரசனும் குடித்தான் என்கிறது. இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் ஒட்டகமும் கப்பலும் ஏறி, வரி கட்டி வந்த ஜாடி உழவன் வீட்டுக்குப் போயிருக்காது. அவனுக்குப் பனையும் நெல்லும் இருந்தன. பனங்கள்ளும் அரிசித் தோப்பியும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்தன. பொன் கிண்ணத்தில் ஊற்றிய தேறல், அரசன் "என்னிடம் இது இருக்கிறது" என்று காட்டும் பொருள்.

எங்கள் குமரியும் அந்தக் கையேட்டில் வருகிறது. 'கொமரி' என்று ஒரு முனையும் துறையும் உண்டு. துறவு மேற்கொண்ட ஆண்களும் பெண்களும் அங்கே நீராடுவார்கள். ஒரு தேவி அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அடுத்து கொற்கை முத்துக்குப் போய்விடுகிறார். எங்கள் துறைக்கு விலைப்பட்டியலே இல்லை :)

இரண்டு மார்க் பதிலை இப்போது எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: யவனர் நிறையப் பொன்னும் கொஞ்சம் மதுவும் கொண்டுவந்தனர். பாட்டில் நிலைத்தது அந்தக் கொஞ்சம்தான். கடனையும் வரியையும் தாண்டி இந்த வியாபாரத்தை நடத்தியது மிளகும் தந்தமும் முத்தும், அவற்றை எடுத்துத் தந்த பெயர் தெரியாத ஆட்களும்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.