சுவரும் வெண்துகிலும்: மராட்டிய யூதர்களின் ஈமநெறி குறித்து

ஹிஞ்சேவாடியின் மென்பொருள் வளாகங்களிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், புனே கன்டோன்மென்ட் பகுதியில், ஓஹெல் டேவிட் என்னும் யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. செங்கல்லால் எழுந்ததால் ஊரார் அதனை ‘லால் தேவுள்’, அதாவது செங்கோயில், என்பர். டேவிட் சாசூனின் கொடையால் 1867-இல் நிறைவெய்திய அக்கூடத்தின் வளாகத்திலேயே, 1864-இல் புனேயில் மறைந்த அவருடைய கல்லறை மண்டபமும் இருக்கிறது. பெருவணிகர் ஒருவருக்குத் தனி மண்டபம் அமைந்தது வியப்பன்று. ஆயின் யூத ஈமநெறி வகுத்த திசை வேறு.

பாபிலோனியத் தல்மூது ஒரு செய்தியைப் பதிவு செய்கிறது. ஒரு காலத்தில் அடக்கச் செலவு சாவினும் கொடிதாய் இருந்தமையால், உறவினர் பிணத்தை விட்டுவிட்டு ஓடினர். செல்வாக்கு மிக்க அறிஞர் ரபான் கமலியேல், தம்மை எளிய நாரிழைத் துணியில் அடக்குமாறு பணித்தார். மக்கள் அவரைப் பின்பற்றினர். இன்றும் வெண்ணிற ஈம உடை அனைவர்க்கும் ஒன்றே. அதில் பை கிடையாது.

அதே நூலில் இன்னொரு குறிப்பும் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை எவரும் தொழில் செய்யலாகாது. ஓரூரில் சாவறிவிக்கும் கொம்பொலி கேட்ட பின்னும் மக்கள் வேலை செய்வதைக் கண்டு ரவ் ஹம்னூனா சினந்தார். அடக்கப் பணிக்கெனக் குழுக்கள் உள்ளன என்று அறிந்ததும், வேலை செய்வது தகும் என்றார். ஈமப்பணி குடும்பத்தின் சுமையாக நில்லாமல் ஊரின் பொறுப்பாக மாறிய வரலாற்றுக்கு இது பழஞ்சான்று. 1564-இல் பிராகு நகரில் அமைந்த ‘ஹெவ்ரா கதீஷா’, அதாவது புனிதக் கழகம், இதன் பிற்கால வடிவம். நீராட்டுதல், உடுத்துதல், காவலிருத்தல் ஆகிய இப்பணிகளை மரபு ‘மெய்யான அருள்’ எனப் போற்றும். இறந்தவர் கைம்மாறு செய்ய இயலாதவர் அல்லரோ!

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் தம் தொடக்கத்தையே ஓர் அடக்கத்தோடு இணைத்துக் கூறுவர். நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு மகளிரும் பிழைத்தனர். கரையொதுங்கிய பிணங்களை அங்கேயே புதைத்தனர் என்பது அவர்தம் மரபுவழிக் கதை.

ஆயினும் நெறியும் நடப்பும் ஒன்றல்ல. 1836-இல் பம்பாயின் பக்தாதி யூதத் தலைவர்கள், இடுகாட்டில் தங்கள் பகுதிக்கும் பெனே இஸ்ரவேலர் பகுதிக்கும் இடையே சுவர் வேண்டுமென அரசுக்கு விண்ணப்பித்தனர். உடையில் ஒழிக்கப்பட்ட வேற்றுமை மண்ணில் மீண்டும் தலைதூக்கியது. சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் தமிழகத்தார்க்கு இச்சுவர் அயலானதன்று.

1948-க்குப் பின் பெனே இஸ்ரவேலரில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். காதிஷ் வேண்டுதலுக்கு மரபுப்படி பத்து ஆடவர் கூட வேண்டும். சுவர் கேட்கும் அளவு ஆள்பலம் இருந்த காலம் போய், பத்துப் பேரை எண்ணிப் பார்க்கும் காலம் சிறு சமூகங்களுக்கு வந்திருக்கிறது. ‘தூக்க நாலு பேர் வேண்டும்’ என்பது நம் வழக்கு. ஊரும் உறவும் விட்டு ஹிஞ்சேவாடிக்கு வந்த தமிழர்க்கும் அந்த நால்வர் யார் என்னும் வினா உண்டு. உறவு தொலைவிலிருக்கையில் கைகொடுக்க முன்கூட்டியே ஓர் அமைப்பு வேண்டும் என்பதே, அக்குழுக்களின் வரலாறு நமக்குத் தரும் விடை.