வெள்ளி மாலை விமானம்: ஐரோப்பிய மாணவர்களின் மலிவுப் பயணம் வளர்ந்த வரலாறு

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் நாலைந்து நண்பர்கள் தோளில் ஒரு பையோடு விமானம் ஏறுகிறார்கள். வேறொரு நாட்டின் நகரத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஞாயிறு இரவு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களிடையே சாதாரணமாகிவிட்ட இந்த வழக்கத்துக்கு வயது முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் மலிவான படுக்கை, மலிவான டிக்கெட், தடையில்லாத எல்லை ஆகியவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு நோக்கத்தோடு உருவாக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றுகூட வார இறுதி உல்லாசத்தை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டதல்ல.

இளவயதில் ஊர் சுற்றிப் பார்ப்பது முதலில் பணக்காரர்களின் கல்வி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துப் பையன்கள் ஓர் ஆசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாரிஸ், வெனிஸ், ரோம் என்று ஆண்டுக்கணக்கில் சுற்றினார்கள். கைத்தொழில் பழகிய ஜெர்மானிய இளைஞர்களும் ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் போனது நடந்து, வேலை தேடி. இந்த இரண்டாவது மரபின் நினைவோடுதான் 1901இல் பெர்லின் அருகே ஷ்டெக்லிட்ஸில் பள்ளி மாணவர்கள் ‘வாண்டர்ஃபோகல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆலைப் புகையும் வகுப்பறைக் கெடுபிடியும் சலித்துப்போன பிள்ளைகள் கிட்டாரும் சமையல் பாத்திரமுமாகக் காட்டுவழி நடந்தார்கள். இரவு எங்கே படுப்பது என்பதுதான் அவர்களுக்குத் தீராத கேள்வி.

அதற்கு விடை கண்டவர் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ஆலைகள் நிறைந்த அல்டேனாவில் பணிபுரிந்த அவர், மாணவர்களை அடிக்கடி பல நாள் நடைப்பயணம் கூட்டிச் செல்வார். 1909 ஆகஸ்ட் 26 அன்று ப்ரோல் பள்ளத்தாக்கில் அவர்களை இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளியில் வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். படுக்க வைக்கோல் ஒரு விவசாயியிடம் கிடைத்தது. பையன்கள் தூங்கிவிட்டார்கள், ஆசிரியருக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுமுறையில் அது சும்மா கிடக்கிறது, ஒரு நாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாக இவற்றைத் தங்குமிடமாக்கினால் என்ன என்று அன்றிரவு யோசித்தார். அடுத்த ஆண்டு அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். தம் பள்ளியிலேயே விடுமுறை நாட்களில் வழிப்போக்கு மாணவர்களைத் தங்கவும் வைத்தார்.

முதல் உலகப் போர் தொடங்குமுன்பே அல்டேனா கோட்டைக்குள் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவாகிவிட்டது. அதன் பழைய கூடங்களைக் கனத்த மர அடுக்குக் கட்டில்களோடு இன்றும் அருங்காட்சியகமாகக் காக்கிறார்கள். கல் சுவர், நீள மேசை, மேலும் கீழுமாகப் படுக்கைகள் என்று அந்த அறையில் சொகுசுக்கு இடமே கிடையாது. இன்றைய ஹாஸ்டல் டார்மிட்டரியில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பது இந்தக் கூடத்தின் நேர் வாரிசு. 1919இல் தேசிய அமைப்பு உருவானது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் இருந்தன. 1930இல் பிரிட்டன் இதைப் பின்பற்றியது. அங்கே ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். 1932இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு அமைப்புகள் கூடி சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவின, ஷிர்மன் அதன் தலைவரானார். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்ற அவரது கனவை நாஜி ஆட்சி பொறுக்கவில்லை. விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின, 1936இல் ஷிர்மன் பதவி விலக வைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவர் அதே வேலையைத் திரும்பவும் தொடங்கியதை இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பக்கமாகச் சொல்லலாம்.

அந்த விடுதிகள் கண்டிப்பானவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம், இரவு பத்து மணிக்கெல்லாம் கதவடைப்பு, பகலில் உள்ளே இருக்கக் கூடாது. காலையில் தரையைக் கூட்டியோ உருளைக்கிழங்கு உரித்தோ கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விரிப்பையே பை போலத் தைத்து அவரவர் கொண்டுவர வேண்டும். காரில் வருபவர்களுக்கு இடம் இல்லை. காசில்லாத பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டும் கல்விப் பணியாக இதை நடத்தியவர்கள் நினைத்தார்கள். குறைந்த கட்டணமும் கட்டுப்பாடும் அந்த நினைப்பில் சேர்ந்தே பிறந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் அமைப்புகளே பயண ஏற்பாட்டில் இறங்கின. 1949இல் பல நாட்டு மாணவர் சங்கங்கள் பயணத்துக்கென ஒரு சர்வதேச மாநாட்டை அமைத்தன. 1950களில் வந்த சர்வதேச மாணவர் அடையாள அட்டை அருங்காட்சியக வாசலிலும் டிக்கெட் கவுன்டரிலும் சலுகை வாங்கித் தந்தது. குழுவாகச் சேர்ந்து முழு விமானத்தையே வாடகைக்கு எடுக்கும் முறையில் அமெரிக்க மாணவர்கள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா வந்தார்கள். ஜெர்மனியில் படைவீரராக இருந்த ஆர்தர் ஃப்ராமர், நாளைக்கு 5 டாலரில் ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று 1957இல் எழுதிய வழிகாட்டி பெரும் புகழ் பெற்றது. 1960இல் ஹார்வர்ட் மாணவர்கள் தங்கள் வாடகை விமானத்தில் வருபவர்களுக்காக உருட்டச்சு எடுத்துக் கொடுத்த இருபது பக்கத் துண்டு நூல்தான் பிறகு ‘லெட்ஸ் கோ’ வரிசையாக வளர்ந்தது. குறைந்த செலவில் பயணிப்பதை வெட்கப்படாமல், பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் மனநிலை இந்தப் புத்தகங்களால் பரவியது.

1972 மார்ச் மாதம் சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி ‘இன்டர்ரெயில்’ பாஸ் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் 21 நாடுகளில் ஒரு மாதம் இரண்டாம் வகுப்பில் இஷ்டம்போலப் போகலாம், சொந்த நாட்டுக்குள் மட்டும் பாதிக் கட்டணம். பிரிட்டனில் இதன் விலை 27 பவுண்டு 50 பென்ஸ். ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டத்துக்கு முதல் ஆண்டிலேயே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததால் அதை நிறுத்த மனம் வரவில்லை. வயது வரம்பு 1970களிலேயே 26 வரை உயர்ந்தது. பாஸ் கையில் இருந்தால் இரவு ரயிலே படுக்கை: கோபன்ஹேகனில் ஏறித் தூங்கினால் காலையில் வேறொரு நாடு, விடுதிச் செலவும் மிச்சம். ஆனாலும் இது ஒரு மாதப் பயணம்தான். லண்டனிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் போய்வரவே வார இறுதி தீர்ந்துவிடும்.

இரண்டு நாளுக்குள் போய்வர விமானம் வேண்டும். விமானமோ மாணவர் கைக்கு எட்டாமல் இருந்தது. தொழில்நுட்பம் இதற்குக் காரணமில்லை. போருக்குப் பின் ஏற்பட்ட இருநாட்டு ஒப்பந்தங்களின்படி எந்த நிறுவனம், எந்த வழியில், எத்தனை முறை பறக்கலாம் என்பதை அரசுகள் தீர்மானித்தன. கட்டணத்தை நிறுவனங்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டன. பல வழித்தடங்களில் இரு நாட்டின் தேசிய நிறுவனங்களுக்கும் போட்டி என்று பெரிதாக எதுவும் இல்லை. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டில் ‘ஸ்கைட்ரெயின்’ விமானச் சேவையை விட்டு இந்தக் கட்டுப்பாட்டுச் சுவரில் ஓட்டை போட்டார். அவரது நிறுவனம் 1982இல் விழுந்தாலும் அந்த விலை மக்கள் மனதில் நின்றுவிட்டது.

சுவர் முதலில் சரிந்தது அயர்லாந்துப் பக்கம். 1985இல் 15 இருக்கை விமானத்தோடு வாட்டர்ஃபோர்டில் தொடங்கிய ரயன்ஏர், அடுத்த ஆண்டு டப்ளினிலிருந்து லண்டன் அருகே லூட்டனுக்குப் பறந்தது. பெரிய நிறுவனங்கள் போய்வர 200 பவுண்டுக்கு மேல் வாங்கிய வழித்தடத்தில் இது 99 பவுண்டு கேட்டது. 1987, 1990, 1992 ஆண்டுகளில் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) மூன்று கட்டமாக விமானப் போக்குவரத்துச் சட்டத்தைத் தளர்த்தியது. 1997 ஏப்ரலில் உறுப்பு நாட்டின் எந்த நிறுவனமும் இன்னொரு நாட்டின் உள்நாட்டு வழியில்கூடப் பறக்கலாம் என்றானது. இதற்கிடையே 1995 நவம்பரில் 28 வயது ஸ்டெலியோஸ் ஹாஜி-யோவானு இரண்டு வாடகை போயிங்குகளோடு ஈஸிஜெட்டைத் தொடங்கினார். லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 29 பவுண்டு, ஒரு ஜீன்ஸ் விலை என்று விளம்பரம் செய்தார்கள். ஏஜென்ட் கிடையாது, முன்பதிவுத் தொலைபேசி எண்ணை ஆரஞ்சு நிறத்தில் விமானத்தின் உடம்பிலேயே பெரிதாக எழுதிவிட்டார்கள்.

விலை குறைந்ததற்கான கணக்கு எளிது. ஒரே ரக விமானமாக வைத்துக்கொண்டால் விமானி, பராமரிப்பு, உதிரிபாகம் எல்லாவற்றிலும் மிச்சம். தரையிறங்கி 25 நிமிடத்தில் மறுபடி கிளம்பினால் அதே விமானம் நாளுக்கு ஓரிரு முறை கூடுதலாகப் பறக்கும். சாப்பாடு, செக்-இன் பெட்டி, விருப்பமான இருக்கை ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. நகரத்தை விட்டு விலகிய விமான நிலையங்களில் கட்டணம் குறைவு என்பதால் ‘பிராங்க்ஃபர்ட்’ என்று விற்ற டிக்கெட் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹான் நிலையத்தில் இறக்கிவிட்டது. பார்சிலோனாவுக்கு ஜிரோனா, பாரிஸுக்கு போவே என்ற கதையும் இப்படித்தான். நள்ளிரவில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிய இந்தத் தொல்லையைக் குடும்பத்தோடு போகிறவர் பொறுக்கமாட்டார். நண்பர்களோடு போகும் இருபது வயதுக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலிவு விமானத்துக்கு மாணவர் தோதான பயணியானது இதனால்தான்.

போனால் யாரைப் பார்ப்பது என்ற கேள்வியை வேறொரு திட்டம் தீர்த்து வைத்தது. 1950களில் அமெரிக்காவில் முதுகலை படித்துத் திரும்பிய இத்தாலிய மாணவி சோஃபியா கொராடியின் பட்டத்தை ரோமில் அங்கீகரிக்கவில்லை. வெளிநாட்டில் படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்காக வாதாடினார். 1987இல் ‘எராஸ்மஸ்’ மாணவர் பரிமாற்றம் தொடங்கியது. முதல் ஆண்டு 11 நாடுகளிலிருந்து 3,244 பேர் போனார்கள். பிறகு இது லட்சக்கணக்காகப் பெருகியது. லிஸ்பனிலோ க்ராக்கோவிலோ ஆறு மாதம் தங்கிய தோழியின் அறைத் தரையில் நாலு பேர் படுத்துக்கொள்ள முடிந்தபோது, பயணச் செலவு ஏறக்குறைய டிக்கெட்டோடு முடிந்தது. இந்தப் பழக்கத்தை விமான நிறுவன விளம்பரங்களைவிட எராஸ்மஸ்தான் ஆழமாக வேரூன்ற வைத்தது என்றே தோன்றுகிறது.

எல்லையும் இதே காலத்தில் இளகியது. 1995 மார்ச்சில் உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, 2002இல் யூரோ நோட்டு புழங்கத் தொடங்கியது, 2004 மே மாதம் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அதே மாதம் விஸ்ஏர் என்ற மலிவு விமான நிறுவனம் போலந்தின் காத்தோவிட்ஸேவிலிருந்து லூட்டனுக்கு முதல் விமானத்தை விட்டது. பிராக், புடாபெஸ்ட், க்ராக்கோ, ரீகா ஆகியவை சட்டென்று மாணவர் பட்டியலின் மேலே வந்தன. அங்கே மேற்கு நாட்டுக் காசு நீண்ட நாள் தாங்கியது. புடாபெஸ்டின் ஏழாம் வட்டாரத்தில், பழைய யூதக் குடியிருப்பின் காசின்ட்ஸி தெருவில், இடிபடக் காத்திருந்த கட்டடமொன்றில் சிம்ப்ளா கெர்ட் என்ற மதுக்கூடம் நடந்தது. உதிர்ந்த சுவர்களைப் பூசாமலே விட்டார்கள். பழைய சந்தையில் வாங்கிய ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், இருக்கையாக மாற்றிய குளியல் தொட்டி, முற்றத்தில் வெட்டிப்போட்ட பழைய டிராபான்ட் கார் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்பினார்கள். உள்ளூர் இளைஞர்கள் காசில்லாமல் கட்டிய இடம் சில ஆண்டுகளில் வெளிநாட்டு மாணவர் கூட்டத்தின் முதல் நிறுத்தமாகிவிட்டது.

தங்குமிடமும் மாறிவிட்டது. தனியார் ஹாஸ்டல்களில் கதவடைப்பு நேரமில்லை, கூட்டிப் பெருக்கும் வேலையில்லை, ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் படுக்கலாம். கீழ்த்தளத்தில் பார் வந்தது. ஷிர்மனின் விடுதியிலிருந்து அடுக்குக் கட்டில் மட்டும் மிஞ்சியது. பை விஷயத்தில்தான் புதுக் கண்டிப்பு. 2006இல் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது, அதே ஆண்டில் பெட்டிக்குக் கட்டணமும் தொடங்கியது. மூன்று நாள் உடையை இருக்கைக்கடியில் போகும் பைக்குள் சுருட்டி அடைப்பது, கனமான ஜாக்கெட்டையும் ஷூவையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு ஏறுவது, நாலு பேருக்கு ஒரே ஷாம்பு என்று ஒரு கைப்பழக்கமே உருவானது.

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பிரிட்டன் ஷெங்கனில் ஒருபோதும் சேரவில்லை. லண்டனில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவி வகுப்புத் தோழிகளோடு பாரிஸுக்குப் போக வேண்டுமானால் தனி விசா எடுக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் தனி. பல சமயம் விமான டிக்கெட்டைவிட விசாச் செலவு அதிகம். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ குடியிருப்பு அனுமதியோடு படிக்கும் அதே ஊர்ப் பிள்ளைக்கு 180 நாட்களில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகத் தடையில்லை. படிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் கவனிக்கத் தவறும் வித்தியாசம் இது.

டிக்கெட்டில் எழுதியிருக்கும் விலை முழு விலையும் அல்ல. விமான எரிபொருளுக்கு வரி விலக்கு என்ற ஏற்பாடு 1944 சிகாகோ உடன்படிக்கைக் காலத்திலிருந்து தொடர்கிறது. நகரவாசிகள் வேறு விதத்தில் கொடுக்கிறார்கள்: வாடகை வீடுகள் சுற்றுலா அறைகளாகின்றன, இரவெல்லாம் தெருவில் கூச்சல். 2023இல் ஆம்ஸ்டர்டாம், கும்மாளத்துக்கு வரும் 18 முதல் 35 வயது பிரிட்டிஷ் ஆண்களை வர வேண்டாம் என்றே விளம்பரம் செய்தது. 2024இல் பிராக் நகரம், வழிகாட்டி அழைத்துப்போகும் மதுக்கூட ஊர்வலங்களை இரவு பத்து மணிக்கு மேல் தடை செய்தது. பார்சிலோனா 2028க்குள் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் அனைத்தையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. புடாபெஸ்டின் ஆறாம் வட்டார மக்கள் குறுகிய கால வாடகைக்கு எதிராக வாக்களித்தார்கள். இந்தக் கோபம் நியாயமானது. குறைந்த காசில் வந்த மாணவரைக் குற்றம் சொல்லாமல், குடியிருப்பை விடுதியாக்கி லாபம் பார்ப்பவரைக் கட்டுப்படுத்துவதே சரியான மருந்து. பார்சிலோனாவும் ஆறாம் வட்டாரமும் அந்தத் திசையில்தான் போகின்றன.

ரயிலும் மெல்லத் திரும்பி வருகிறது. 2016இல் ஜெர்மானிய ரயில்வே தன் படுக்கை ரயில்களைக் கைவிட்டபோது அவற்றில் பலவற்றை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து நடத்தத் தொடங்கியது. 2023 மே மாதம் பிரஸ்ஸல்ஸுக்கும் பெர்லினுக்கும் இடையே புதிய இரவு ரயில் ஓடியது, அடுத்த ஆண்டு அது பிராக் வரை நீண்டது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 18 வயதானவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு ரயில் பாஸை இலவசமாகவே தருகிறது. ஒரு மாதத்துக்குள் ஏழு நாட்கள் பயணிக்கலாம். ஐந்து பேர் வரை குழுவாகச் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம்.