இடம் மாறிய சிறுநீரகம்: அறுவை மருத்துவ வரலாறு

கருவில் சிறுநீரகங்கள் உருவாவது இடுப்புக்குழியில்தான். ஆறாம் வாரம் தொடங்கி ஒன்பதாம் வாரத்துக்குள் அவை மேலேறி விலாவெலும்புகளின் அடியில் அமர்கின்றன. ஏறாமல் தங்கிவிடுவது இடுப்புச் சிறுநீரகம். வழியில் இரண்டின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டால் குதிரைலாடச் சிறுநீரகம். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். பலர் அறியாமலே முதுமை வரை வாழ்கிறார்கள்.

பிறப்பில் சரியான இடத்தில் இருந்தும், எழுந்து நிற்கையில் கீழே நழுவும் சிறுநீரகம் வேறு. அறுவை மருத்துவர்கள் முதலில் கைவைத்தது இதில்தான். 1869இல் ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சைமன், ஒரு சிறுநீரகத்தை எடுத்தாலும் மனிதர் உயிர்வாழ முடியும் என்று காட்டினார். அந்தத் துணிவில் நழுவும் சிறுநீரகத்தையே அகற்றியவர்களும் உண்டு. 1881இல் பெர்லினின் யூஜென் ஹான் அகற்றாமல் தைத்து நிறுத்தினார். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அது விரைவில் அளவு மீறியது. மெலிந்த பெண்களின் அஜீரணம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் நழுவிய சிறுநீரகமே காரணம் எனப்பட்டது. தைக்கும் முறைகள் நூற்றைத் தாண்டின. தைத்த பின்னும் வலி தீராத நோயாளிகள் பெருகவே, 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சிகிச்சை மதிப்பிழந்தது. தேவையற்ற கத்திக்கு அத்தனை பெண்கள் ஆளானது மருத்துவ வரலாற்றின் வருத்தமான பக்கம்.

இடுப்புச் சிறுநீரகத்தில் ஆபத்து வேறு. கட்டி என்று எண்ணி அகற்றிய பின், நோயாளிக்கு இருந்த ஒரே சிறுநீரகம் அதுதான் என்று தெரியவந்த நிகழ்வுகள் உண்டு. 1929இல் சிரை வழியே மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறை வந்த பிறகே இந்த அச்சம் குறையத் தொடங்கியது. 1985இல் அமெரிக்காவில், வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப்பால் பார்த்தபடி, இடுப்புச் சிறுநீரகத்துக் கல்லைத் தோல்வழித் துளையால் எடுத்தனர்.

இடம் மாறியிருப்பதே நோய் ஆகாது என்பதற்குச் சிறுநீரக மாற்று அறுவையே சான்று. தானமாகப் பெற்ற சிறுநீரகத்தை மருத்துவர்கள் வழக்கமாக அடிவயிற்றின் பக்கக் குழியில்தான் பொருத்துகிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1971இலும் கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975இலும் இந்த அறுவை தொடங்கியது.

இன்று ஜொகூர் பாருவில் ஆனாலும் சென்னையில் ஆனாலும் நெறி ஒன்றே: அடைப்பு, கல், தொற்று, புற்று இருந்தால்தான் அறுவை. அதற்கும் முன் சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் பார்த்துவிட வேண்டும். இடம் மாறிய சிறுநீரகத்துக்கு ரத்தம் பெருந்தமனியின் அடிப்பகுதியிலிருந்தோ இடுப்புத் தமனியிலிருந்தோ, பெரும்பாலும் பல கிளைகளாக வருகிறது.