கரைக்கு எதிர்ப்புறம்: உத்திரமேரூர் ஏரிகளும் உள்வாய் நில உடைமையும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் 'கரை' என்றால் மண்ணைக் கொட்டி உயர்த்திய ஏரிக்கரைதான். மதகும் அதில்தான் இருக்கிறது. எதிர்ப்புறம் நீர் மெல்லப் படர்ந்து ஏறும் சரிவுக்கு உள்வாய் என்று பெயர். கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது பட்டா நிலத்து வரப்பைத் தொடும் தண்ணீர், சித்திரையில் மதகடிக்கு ஒதுங்கிவிடும். இப்படி ஆண்டுதோறும் நகரும் விளிம்பில்தான் கோரை முளைக்கிறது, மீன் குஞ்சு பொரிக்கிறது, நாரை இரை தேடுகிறது. நம் பேச்சும் செலவுமோ கரையோடு நின்றுவிடுகின்றன. உள்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் நம் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாளராக மட்டுமே தெரிகிறார். ஏரியில் அவருக்கு ஒரு பங்கு இல்லாதவரை விளிம்பு மீளாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் கொண்டாடி வந்திருக்கிறோம். அவை ஏரி நிர்வாகத்தையும் பேசுகின்றன. ஏரி வாரியத்தில் அறுவர். பதவிக்காலம் 360 நாள். குடவோலையில் பெயர் எழுதத் தேவையான தகுதிகளுள் ஒன்று, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம். வேதம் கற்றவருக்கு அதில் பாதி போதும். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. நில உடைமை ஏரிப் பொறுப்பைச் சுமப்பதற்கான தகுதியாக இருந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி. ஆனால் ஊரை நிர்வகித்த அந்தச் சபை பிராமணர்களுடையது. மண் சுமந்தவர்கள் அதில் இல்லை. பழம்பெருமை பேசுவோர் இதை விட்டுவிடுவது வழக்கம்.

ஏரியில் பங்கு இருப்பவரே அதைக் காப்பார் என்பதற்குப் பறவைகளைப் பொறுத்தவரை உறுதியான சான்று பக்கத்து வட்டாரத்தில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் கிடைக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று அவர்களுக்குக் கவுல் என்னும் எழுத்து உறுதி வழங்கினார். ஊராரின் அக்கறையை வெறும் ஜீவகாருண்யம் என்று கொள்ள வேண்டியதில்லை. நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, மதகு வழியே வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. மரத்தை வெட்டினால் பறவை போகும், பறவை போனால் விளைச்சல் குறையும் என்ற கணக்கு உழவருக்குத் தெரிந்திருந்தது. சரணாலய அறிவிப்பு 1936இல்தான் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் காப்பு எல்லையானது. அதற்குள் ஊர்களும் பட்டா நிலங்களும் அடங்கின. கட்டுப்பாடு நிலக்காரரின் வரப்பு வரை வந்தது. புதிய ஆதாயம் எதுவும் உடன் வரவில்லை. 2020இல் எல்லையைச் சுருக்கும் யோசனை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட சட்டம் அளந்து எல்லைக்கல் நட வழிசெய்கிறது. அது தேவைதான். ஆனால் கல்லுக்கு அப்பாலுள்ள பட்டாதாரர் வரப்போரத்து நொச்சியையும் கோரையையும் விட்டுவைக்க அதில் தூண்டுதல் இல்லை. ஊரார் பங்கேற்புடன் ஏரிகளைச் செப்பனிடும் குடிமராமத்து 2016–17இல் மீண்டபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை ஏற்கும் பாசன விவசாயிகளுக்கு இடம் இருந்தது. கரை, மதகு, தூர் என்றே அந்த வேலைகள் பெரும்பாலும் அமைந்தன. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாய உழைப்பு முறைக்கு அதற்காகத் திரும்புவதை எவரும் விரும்பமாட்டார்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வழி இருக்கிறது. ஏரி வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். வரப்புக்கும் நீருக்கும் இடையே சில அடி அகலம் உழாமல் விட்டு, நொச்சியும் வெட்டிவேரும் வளர்ப்பவருக்கு அந்த வண்டலில் முன்னுரிமை தரலாம். மேட்டு நிலத்து மண் ஏரிக்குள் இறங்குவதை அந்தப் பட்டையே தடுக்கும் என்பதால், தூர் சேர்வதைக் குறைப்பவருக்கே சேர்ந்த தூரில் முதல் பங்கு கிடைக்கும். வண்டலுக்காக ஏரியை அளவுக்கு மீறித் தோண்டுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அனுமதித்த ஆழத்தை மீறித் தோண்டுபவர் முன்னுரிமையை இழக்க வேண்டும். நிலம் குத்தகையில் இருந்தால் முன்னுரிமை பட்டாதாரருக்கா, உழுபவருக்கா? உழுபவருக்கே என்பது என் கருத்து. உழாமல் விடும் அந்தச் சில அடியின் விளைச்சலை இழப்பவர் அவர்தான்.